கிழவரின் கைவிளக்கு

லண்டன் நோர்பரியில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை செய்யும் யசோதினி, குப்பைக்குப் போகவிருந்த சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாடிக் கிழவர், ஊன்றுகோல், கையில் விளக்கு. யாரோ சித்தர் என்று நினைத்து, சந்தனப் பொட்டு வைத்துச் சாமித்தட்டில் நிறுத்தினாள்.

மறுநாள் காலை படத்தின் காலடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சாம்பல் கிடந்தது. சாமிப்படங்களில் திருநீறு கொட்டுவதை அவள் எத்தனையோ வீடுகளில் கேள்விப்பட்டிருக்கிறாள். வெளியே போகிற மனுஷனுக்குத்தான் காவல் வேண்டும் என்று, கணவன் நிரூபனின் நெற்றியில் மட்டும் மூன்று பட்டையாகப் பூசிவிட்டாள். தினமும் கொட்டியது. ஆனால் நாளுக்கு நாள் குறைந்தது. தன் பக்தி போதவில்லையாக்கும் என்று வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பதையும் நிறுத்தினாள்.

வியாழக்கிழமை இதைக் கேட்டதும், கூட வேலை செய்யும் ஜதுர்ஷிகா சிரித்தாள்.

“அக்கா, அது சாமியில்லை. குறி பார்க்கிற டாரட் சீட்டு. ஆகப் பழைய சீட்டுகளில அந்தக் கிழவருக்குப் பேர் காலம். கையில மணல் கடிகாரம்தான் இருந்தது. பிறகு படம் கீறின ஆக்கள் அதை விளக்கெண்டு நினைச்சிட்டினம்.”

வெள்ளிக்கிழமை காலை தட்டில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. யசோதினி அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். அது சாம்பல்போல் வழுக்கவில்லை. நறநறத்தது.

நிரூபன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வாசலில் கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றான்.

“கெதியாப் பூசும், யசோ. பஸ் போகப்போகுது.”