ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முழுப் பக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன்களைச் சோதிப்பது பெனிட்டாவின் வேலை. அவளுடைய காலண்டரில் துளி இடம் காலியாகத் தெரிந்தால் போதும், கம்பெனியின் கம்ப்யூட்டர் அங்கே ஒரு வேலையைச் செருகிவிடும். கோயிலில் முழங்காலிட்டிருந்தாலும், வேலைக்கு அழைக்கக் கம்பெனி மணிக்கட்டில் மாட்டிவிட்ட கைப்பட்டை அதிரும். இன்று முதல் புதுச் சட்டம்: காகித டைரி வைத்திருப்பவர்களைக் கேட்டுத்தான் வேலை கொடுக்க வேண்டும்.

டைரிக் கடையில் திருவிழாக் கூட்டம். கணவன் செல்வினை இழுத்துக்கொண்டு அவள் முண்டியடித்து உள்ளே போனாள்.

“இந்தச் சிவப்பு நல்லாத்தான இருக்கு, எடுத்துரு” என்றான் செல்வின்.

அவள் புரட்டினாள். “பாருங்க, சனியும் ஞாயிறும் ஒரே பக்கத்துல. ஞாயித்துக்கிழமைக்கு நாலே நாலு கோடு! இது வேண்டாம்.”

கடைக்காரரைப் படுத்தியெடுத்து, அலமாரியையே கலைத்து, கடைசியில் ஒரு பச்சை டைரியைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முழுப் பக்கம். பில் போட்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதுமே கைப்பட்டை அதிர்ந்தது.

“வணக்கம் பெனிட்டா. வரும் ஞாயிறு காலை வேலைக்கு வர இயலுமா?”

இயலுமா! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை அது கேட்டதே இல்லை.

“ஒரு நிமிஷம் இருங்க, டைரியைப் பாத்துச் சொல்லுதேன்.”

விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக நிதானமாகப் புரட்டினாள். ஞாயிறு வந்தது. ஒரு பொட்டு மைகூட இல்லாத வெள்ளைப் பக்கம். அதை மேலிருந்து கீழ்வரை ஆசை தீரப் பார்த்தாள்.

“அடடா” என்றாள் வருத்தமாக. “அன்னைக்கு ஃபுல்லா இருக்கே.”