அஸ்லாக் வீட்டுப் புகை

லொஃபோட்டன் கடலில் இரண்டு மாதம் காட் மீன் பிடித்துவிட்டு மார்ச்சில் ஊர் திரும்பிய ஐவார், முதலில் அண்ணாந்து பார்த்தது தன் வீட்டுப் புகைபோக்கியைத்தான். புகையே தெரியவில்லை. அடுப்பில் காய்ந்த விறகு எரிவதற்கு அதுதானே அடையாளம்!

பக்கத்து வீட்டு அஸ்லாக்கின் கூரையிலோ புகை குபுகுபுவெனக் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஐவாருக்குக் கொண்டாட்டம். விறகு காயவைப்பதில் மன்னன் என்று ஊரில் பெயரெடுத்தவர் அஸ்லாக். குளிர் தொடங்கும்போது ஐவார் தாமதமாக வெட்டி அடுக்கிய கட்டைகளைத் தட்டிப் பார்த்து, "தம்பி, இதை எரிச்சா வீடு சூடாகாது, கொசுதான் ஓடும்" என்று சிரித்தவர்.

"என்னண்ணே, விறகை எரிக்கிறீங்களா, வேகவைக்கிறீங்களா?" வேலியோரம் நின்று குரல் கொடுத்தான் ஐவார்.

"இந்த வருஷம் ஏமாந்துட்டேம்ப்பா," இருமினார் அஸ்லாக். "உன் அடுப்பு ஜோரா எரியுது போல?"

"அடுத்த வருஷம் எங்கிட்ட வந்து கத்துக்குங்க!"

சிரித்தபடி வீட்டுக்குள் நுழைந்தவனை மனைவி சிக்னே முறைத்தாள். தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வாயை மூடுங்க! நீங்க கடலுக்குப் போன மறுவாரமே வீடு முழுக்கப் புகை. பாப்பாவுக்கு மூச்சுத் திணறிடுச்சு. அஸ்லாக் அண்ணன்தான் ஓடி வந்தார். நம்ம ஈர விறகு மொத்தத்தையும் பனிச்சறுக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், தன்னோட காய்ஞ்ச விறகை இங்கே அடுக்கிட்டார். நீங்க கவலைப்படுவீங்க, சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டார்."

ஐவார் கழற்றிய கோட்டை மறுபடி மாட்டவில்லை. அப்படியே பனியில் ஓடினான்.

"அண்ணே! படுக்கையைச் சுருட்டிக்கிட்டு வாங்க. உங்க விறகு எரியுற வீட்லதான் இனிமே நீங்க தூங்கணும்!"