நான்கு கைப் பாட்டு

இருபத்திரண்டு வருடங்களாக மூடிக் கிடந்த பியானோவை மனைவி திடீரென்று திறந்தது கண்ணாடிக் கடைக்காரருக்கு உறுத்தியது. அதிலும் தினமும் அந்த ஒரே பாட்டு. இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது. கல்லூரி மேடையில் வேறொருவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாசித்தது.

“இப்ப எதுக்கு இது?”

“விரலுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கிறேன்.”

“அவன் இந்த ஊருக்கு வந்திருக்கானா?”

அவள் விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தாள்.

வியாழக்கிழமை மதியமே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மாடிப்படி ஏறும்போதே கேட்டது. உள்ளே இரண்டு பேர் வாசிக்கிறார்கள். கதவை வேகமாகத் தள்ளினார்.

மனைவியின் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள்.

“நீங்க அன்னைக்குக் கேட்டவரோட மனைவி,” என்றாள் இவள்.

அந்தப் பெண் எழுந்துகொண்டாள். “அவருக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியலீங்க, என்னைக்கூட. இந்தப் பாட்டுல தன் பாதியை மட்டும் வாசிப்பாரு. அப்புறம் பக்கத்துல காலியா இருக்கிற இடத்தையே பார்த்துட்டிருப்பாரு. ஒரு தடவை வந்து வாசிங்கக்கான்னு கெஞ்சினேன். இவங்க முடியாதுன்னுட்டாங்க. ‘அந்த இடம் உன்னோடது, நீ உட்காரு, நான் சொல்லித்தர்றேன்’னாங்க.”