பத்து மாத்திரை பெற்றுக்கொண்டேன்

'மாலை 4.00 மணிக்கு' என்று எழுதிவிட்டு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டேகால்.

நடக்காததை முன்கூட்டியே எழுதுவது இது முதல் முறை அல்ல. இருபத்தாறு வருடமாக போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். இந்த நகரத்தில் ஐந்து ஸ்டேஷன் பார்த்தாயிற்று. கையெழுத்து அழகு என்பதால் எங்கேயும் அவரை எழுத்து வேலையிலிருந்து விடுவித்ததில்லை.

மேற்கொண்டு எழுதினார்.

செயின் பறிப்பில் சந்தேகிக்கப்பட்ட ஆட்டோ ஓட்டுநர் தயாளன், வயது 34, போலீசாரைக் கண்டதும் தப்பி ஓடி, பாலத்திலிருந்து கீழே குதித்து, வலது கால் முறிந்த நிலையில் கைது செய்யப்பட்டார்.

பாலம் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

தயாளன் பின்னறையில் கிடந்தான். நேற்றுக் காலையிலிருந்து.

கால் முறிந்தது நேற்று சாயங்காலம்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"யோவ் ரைட்டர். வெளிய அவன் பொண்டாட்டி உக்காந்திருக்காளே, அவ கைல எதுனா எழுதிக் குடுத்தியா?"

"மாத்திரைக்கு ஒரு சீட்டுங்கய்யா."

"என்ன சீட்டு?"

"நேத்து வலிப்பு மாத்திரை கொண்டாந்து குடுத்துச்சு. பெற்றுக்கொண்டேன்னு எழுதி, தேதி, நேரம் போட்டு..."

இன்ஸ்பெக்டர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"கையெழுத்தும் போட்டியா?"

"போட்டேங்கய்யா."

"ஸ்டேஷன்ல உக்காந்து போஸ்ட் ஆபீஸ் நடத்துறியாய்யா? போய் வாங்கிட்டு வா. அது வக்கீல் கைக்குப் போச்சுன்னா மொத்தப் பேரும் காலி. மொதல்ல உன் பென்ஷன்."

நேற்று யாரும் அவரிடம் சீட்டு கேட்கவில்லை. சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதப் படித்த நாளிலிருந்து வந்த பழக்கம். எதை வாங்கினாலும் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார். வலது மூலையில் தேதி. அதன் கீழே நேரம்.

மேசை இழுப்பறையைத் திறந்தார்.

மாத்திரை அட்டை. பத்தும் அப்படியே இருந்தன.

கொடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வாசல் பெஞ்சில் அமுலு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அந்தச் சீட்டைக் குடும்மா."

மணிபர்சைத் திறந்து, நான்காக மடித்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

"மாத்திர போட்டாரா சார்?"

"ம்."

பிரித்துப் பார்த்தார். நேற்றைய தேதி. காலை 10.20. தயாளனுக்காக அவர் மனைவி அமுலுவிடமிருந்து மாத்திரை பத்து பெற்றுக்கொண்டேன். கையெழுத்து. அவருடைய போலீஸ் நம்பர்.

அவன் நேற்று இங்கேதான் இருந்தான் என்று சொல்ல வேறு காகிதம் கிடையாது.

உள்ளே திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

சீட்டை அவளிடமே நீட்டினார்.

"எதிர்க் கடைல ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஓடு."

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கரண்டு இல்லியாம் சார். நாலு மணிக்குத்தான் வருமாம்."

ஸ்டேஷனில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனது அவருக்குத் தெரியவில்லை.

அவள் கையில் இருந்தது பட்டன் போன். படம் எடுக்க வழியில்லை.

"எங்கய்யா போய்த் தொலஞ்ச?" உள்ளேயிருந்து குரல்.

சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். மதில்மேல் வைத்து நின்றபடியே எழுதினார். அதே தேதி. அதே நேரம். அதே பேனா. ஒரே வாக்குமூலத்தை மூன்று பிரதி, ஓர் எழுத்து பிசகாமல் எழுதிய கை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் புதிதாக இருந்தது. பார்த்தாலே தெரியும்.

நான்காக மடித்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இறுக்கிப் புடி. நல்லாக் கசக்கு."

அவள் பிடித்தாள். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து வியர்த்திருந்த கை. அவர் மனதுக்குள் இருபது வரை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. அவரையே பார்த்தாள்.

விரல்களைத் தளர்த்தித் தாளைக் கொடுத்தாள்.

பழைய சீட்டை மணிபர்சுக்குள் திணித்துக்கொண்டாள். அவர் புதியதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இன்ஸ்பெக்டர் பிரித்துப் பார்த்தார். ஈரம்.

"பாருய்யா, நேத்துலேர்ந்து கைலயே வச்சிருந்திருக்கா."

நான்காகக் கிழித்தார். பிறகு எட்டாக. குப்பைக்கூடையில் போட்டார்.

"வேற எதுனா குடுத்தியா?"

"இல்லைங்கய்யா."

ரைட்டர் பின்னறைக்குப் போனார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரோடு நீட்டினார். காலைப் பார்க்கவில்லை.

தயாளன் வாங்கி விழுங்கினான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான்.

மேசைக்கு வந்தார். ஜன்னல் வழியே பெஞ்ச் தெரிந்தது. அவள் கொண்டுவந்த சாப்பாட்டுக் கூடை மட்டும் இருந்தது.

மிச்சத்தை எழுதி முடித்தார். கடைசியில், எழுதியவர் என்ற இடம்.

பேனா நின்றது. சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகாதபடி கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். கிறுக்கலாகப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை.

எப்போதும் போல, எழுத்து எழுத்தாகத் தெரியும்படி போட்டார்.

கீழே நம்பர்.