துண்டின் தாராள மனசு

ஒரு மெஸ்ஸில் கைகழுவும் இடத்தில் ஒரு சோப்பும் ஒரு துண்டும் குடியிருந்தன. வருகிறவர்களின் அழுக்கையெல்லாம் எடுத்து எடுத்தே சோப்பு ஓடாய்த் தேய்ந்துவிட்டது. துண்டோ துவைப்பு என்றால் என்னவென்றே மறந்து, ஆணியில் கொழகொழவென்று தொங்கியது.

ஒருநாள் ஒருவர் கூலிங் கிளாஸைக் கழற்றி, கோவைப்பழமாய்ச் சிவந்த கண்களைக் கழுவி, துண்டில் அழுந்தத் துடைத்துவிட்டுப் போனார்.

சோப்பு அலறியது. "அடேய், அவருக்கு மெட்ராஸ் ஐ! இனிமே யார் மேலயும் படாதே!"

"ஆள் பார்த்துத் துடைக்கிற புத்தி எனக்குக் கிடையாது" என்றது துண்டு.

அந்த வாரமே சாப்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள்.

"பார்த்தியா, நம்ம மெஸ்ஸுக்கு சினிமாக்காரங்களா வர்றாங்க!" என்று துண்டு துள்ளியது.

கடைசியில் முதலாளியும் கூலிங் கிளாஸோடு வந்தார். "ஊர்க் கையெல்லாம் படுதே, இந்த சோப்பாலதான் வந்திருக்கும்" என்று அதைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். புது சோப்பைப் பிரித்து, முகத்தை நுரை பொங்கக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு போனார்.

துண்டு புது சோப்பிடம் குனிந்து சொன்னது குப்பைக்கூடை வரைக்கும் கேட்டது.

"வேலைக்குப் புதுசா? பயப்படாதே தம்பி. நீ கழுவி மட்டும் அனுப்பு, மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கறேன்."