நீட்டிய கைகள்

வெயிலுமுத்துவின் காதுக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மனநல மருத்துவமனைக்கு அனுப்பும்படி சிறை மருத்துவர் சீட்டு எழுதினார். கைதிகளை அங்கே கூட்டிப் போகும் நாள் வியாழன். வியாழன்தோறும் அவன் குளித்துவிட்டு, விலங்கு மாட்டத் தோதாக இரு கைகளையும் சேர்த்து நீட்டியபடி கம்பிக் கதவருகே நிற்பான். வார்டர் வந்து சொல்வார்: "கூட்டிட்டுப் போக போலீஸ் இல்லப்பா. எல்லாரும் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க. அடுத்த வாரம் பாப்போம்." ஏழாவது வியாழனுக்குப் பிறகு அவன் கைகளை இறக்கவில்லை. தூங்கும்போதும் அவை நீண்டே இருந்தன. பக்கத்துக் கைதி சோறு ஊட்டிவிட்டான்.

பதினோராவது வியாழன் ஒரு போலீஸ்காரர் வந்து அவனை அழைத்துப் போனார். அதற்குள் சீட்டு தொலைந்திருந்தது.

"இவருக்கு என்ன பண்ணுது?" என்று மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்.

"கையை இறக்க மாட்டேங்கிறான் சார்" என்றார் போலீஸ்காரர்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "பிள்ள அழுதுகிட்டே இருக்கு சார்" என்று வெயிலுமுத்து சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது. சாயங்காலம் கைகள் மெல்ல இறங்கின. "சரியாயிருச்சு, கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

போலீஸ்காரர் விலங்கை எடுத்தார். "கையை நீட்டுப்பா."

வெயிலுமுத்து இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டான்.