குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும்

“மூச்சு விடுதான்னே தெரியலையே! யாராவது கண்ணாடிய உடைங்களேன்!”

குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கிர்ஸ்டி போட்ட கூச்சலில் சூப்பர் மார்க்கெட் வாசலில் இருந்த பாதிப் பேர் ஓடி வந்தார்கள். பூட்டிய வெள்ளைக் காரின் பின் சீட்டில், பெல்ட் மாட்டிய குழந்தை நாற்காலிக்குள், தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் கண்ணை மூடிக் கிடந்தது. வெயில் இருபத்தொன்பது டிகிரி. வருஷம் முழுக்கக் குளிரிலேயே கிடக்கும் ஸ்கிப்டன் ஊர் அப்படி ஒரு வெயிலைப் பார்த்து வெகுநாளாயிற்று.

எவ்வளவு பதற்றம் இருந்தாலும் வரிசை கலையவில்லை. ஒவ்வொருவராக ஜன்னலில் எட்டிப் பார்த்து, ‘ஐயோ பாவம்’ சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

கரி மூட்டையும் சாசேஜுமாகக் கடையிலிருந்து வெளியே வந்த கிளைவ் ஹார்கிரீவ்ஸ், அந்த வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய கார். உள்ளே கிடப்பது பழைய சாமான் கடையில் வாங்கிய பொம்மை.

கார் வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. மற்ற இடங்களில் நிறுத்தினால் பக்கத்துக் காரின் கதவு இடித்துக் கீறல் விழும்; குழந்தையோடு வருபவர்களுக்கு ஒதுக்கிய இடம்தான் தாராளமாகவும் வாசலுக்குப் பக்கத்திலும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று குழந்தைக்கு எங்கே போவார்?

அந்த நிமிஷமே ஓடிப்போய்க் காரைத் திறந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை நகராட்சித் தேர்தல். கிளைவ் சுயேச்சை வேட்பாளர். ‘அடுத்தவருக்கு ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தும் பார்க்கிங் திருடர்களை ஒழிப்பேன்’ என்று ஊர் முழுக்க வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போட்டிருந்தார்.

நைஸாகப் பின்வாங்கினார். கிர்ஸ்டி பார்த்துவிட்டாள்.

“கிளைவ் சார்! நல்ல வேளை வந்தீங்க. இந்த அநியாயத்தப் பாருங்க. பெத்தவனா இவன்?”

“மனுஷனே இல்ல,” என்றார் கிளைவ். வேறென்ன சொல்வார்? “இவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்.”

“கேட்டுக்குங்க! என் ஓட்டு இவருக்குத்தான்,” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒரு அம்மாள் கிர்ஸ்டியின் குழந்தை வண்டிப் பக்கம் குனிந்து கொஞ்சப் போனார். “இப்பதாங்க தூங்குச்சு, எழுப்பிடாதீங்க,” என்று கிர்ஸ்டி மேல்துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். இத்தனை கத்தலிலும் அது சிணுங்கக்கூட இல்லை, கொடுத்து வைத்தவள்.

அதற்குள் கடைக் காவலாளி டாரில், சிவப்பு நிறத் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷமாம். நான் உடைச்சா வேலை போயிடும் சார். நீங்கதான் நாளைக்கு ஊரைக் காப்பாத்தப் போறவரு. இந்தாங்க, நீங்களே போடுங்க.”

“நானா? அது வந்து... கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே. நல்லாத் தூங்குற மாதிரிதான இருக்கு...”

“தூங்குதா?” கிர்ஸ்டிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “உங்க குழந்தையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கால்சட்டைப் பையில் கார் சாவி தொடையைக் குத்தியது. கிளைவ் உருளையை வாங்கிக்கொண்டார்.

முதல் அடி வழுக்கிக் கதவில் இறங்கி, ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்டைச் சுரண்டியது. அவருக்கு வயிறு எரிந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர, அலாரம் ஊரைக் கூட்டியது.

டாரில் உள்ளே கை விட்டு, பெல்ட்டைக் கழற்றி, குழந்தையைத் தூக்கி நிமிர்த்தினான். மூடியிருந்த கண்கள் டக்கென்று திறந்தன.

“உயிரோட இருக்கு!”

கைதட்டல் பறந்தது. யாரோ விம்மி அழுதார்கள், யாரோ கிளைவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிஷம் அவருக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது குழந்தையின் இடது கால் கழன்று டாரிலின் கையோடு வந்துவிட்டது.

அலாரம் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தாங்காமல், பழக்கதோஷத்தில், கிளைவ் பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினார். அலாரம் நின்றது.

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“வியாழக்கிழமை வெச்சுக்கறோம் சார்,” என்று டாரில் அவருடைய ஒரு கையில் பொம்மையையும் மறு கையில் காலையும் கொடுத்துவிட்டுப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வரிசையில் வந்து முறைத்துவிட்டுக் கலைந்தார்கள். காரும் போயிற்று, பதவியும் போயிற்று. கிளைவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியாகக் கிர்ஸ்டி வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் பொம்மையை வாங்கிப் படுக்க வைத்தாள். நிமிர்த்தினாள். மறுபடி படுக்க வைத்தாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் வண்டியின் மேல்துணியை லேசாகத் தூக்கி, அவர் காதருகே குனிந்தாள்.

“இது எந்தக் கடையில வாங்கினீங்க? என்னுது கண்ணையே மூட மாட்டேங்குது!”